கழுதை குடிக்காத ஏரி

அத்தியாயம் ஆறு

"ஒண்ணு, என் வீட்டுக்காரர் லடாக்குக்குப் போனாருன்னு கண்டுபிடிங்க. இல்லாட்டி, போகவே இல்லைன்னு கண்டுபிடிங்க. எதுவானாலும் இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள வேணும் பாய்."

பூங்காவனம் தான் குடியிருந்த காஜா பெராங்கிலிருந்து பெண்டஹாரா சாலை வரை வெயிலில் நடந்தே வந்திருந்தாள். நாகூர் மீரான் தன் மச்சானின் ஜவுளிக்கடையில், ஜவுளி இல்லாத அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அவர் மலாயா போலீசில் துப்பறியும் சார்ஜெண்ட். ஜப்பான்காரன் வந்ததும் வேலை போயிற்று. மூக்கு மட்டும் போகவில்லை. ஊரில் எது காணாமல் போனாலும் இன்னும் அவரைத் தேடித்தான் வந்தார்கள். போன மாதம் ஜப்பானிய மேஜரின் துபாஷிக்கே தொலைந்த சைக்கிளைத் தேடிக் கொடுத்தார். அதில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம், துபாஷி இப்போதெல்லாம் அவரைக் கண்டால் அறைவதில்லை.

"போனாரு, ஆனா போகலைன்னு சொன்னா ஒத்துக்குவீங்களாக்கா?" என்றான் தியாகு, காலி அலமாரி ஒன்றில் சம்மணம் போட்டபடி.

தியாகு நாடகக் கம்பெனியோடு மலாயாவுக்கு வந்த பபூன். சண்டை வரும் என்று மோப்பம் பிடித்த கம்பெனி முதலாளி கடைசிக் கப்பலில் ஏறிவிட்டார்; பபூனுக்குச் சொல்ல மறந்துவிட்டார். அன்றிலிருந்து அவன் மீரானுக்கு உதவியாள். சம்பளம் மரவள்ளிக்கிழங்கு. அதையும் அவன் குறை சொல்லிக்கொண்டே தின்பான்.

"சும்மா இரு தியாகு. தங்கச்சி, பசியாறினியா? இல்லையா? உட்காரு. மொதல்லேருந்து சொல்லு" என்றார் மீரான்.

முதலிலிருந்து சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பூங்காவனத்தின் கணவர் கலியாணசுந்தரத்தை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதியவர், சண்டைக்கு முன்னால் ஒரு வருஷம் ஊரிலேயே இல்லை. திரும்பி வந்தபோது, சால்வை வியாபாரி ஒருவரோடு இந்தியாவின் வடகோடியில் லடாக்குக்குப் போய்வந்ததாகச் சொன்னார். மழையே எட்டிப் பார்க்காத மலைப் பாலைவனம். மலை உச்சிகளில் புத்த மடங்கள். வானத்தைவிட நீலமான ஏரிகள். ஊரே கிழங்கு தின்று நாக்குச் செத்துக் கிடந்த நாளில், கோப்பிக்கடையில் அவருக்கு நாற்காலி போட்டுக் கதை கேட்டார்கள். கிராணியார் போய் 'லடாக் ஐயா' ஆனார்.

கதை கோப்பிக்கடையோடு நின்றிருந்தால் வம்பில்லை. அது நடந்து நடந்து பண்டார் ஹிலிரில் கடலோர பங்களாவில் இருந்த மேஜரின் காது வரை போய்விட்டது. மேஜர் புத்த பக்தர். பர்மாவுக்கு மாற்றலாகிப் போகிறார். அங்கிருந்து இந்தியாவுக்குள் படை நுழையும்போது அந்த மடங்களைத் தரிசிக்க வேண்டும், வழி தெரிந்த மனிதன் கூட வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். மேஜரின் ஆசைக்கு மறுபெயர் கட்டளை.

"சாயந்திரம் மோட்டார் காடி அனுப்புறாங்களாம். இவரும் பெட்டி கட்டிட்டாரு" என்றாள் பூங்காவனம். "நெஜமாவே போனவரா இருந்தா, வழி தெரிஞ்சவன்னு பத்திரமா வெச்சுக்குவாங்க. போகாதவரா இருந்தா, பாதி வழியில குட்டு உடைஞ்சு போகும். அங்கேயே வெட்டிப் போட்டுட்டு வந்துருவாங்க."

"அவரையே கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டா எழுந்து போயிடுறாரு. இதுல எங்க பொண்ணு விஜயாவுக்குக் கல்யாணத்துக்கு இடம் கூடி வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுல லடாக் ஐயா பொண்ணுன்னுதான் கேட்டு வந்தாங்க."

அவள் போன பிறகு மீரான் கொஞ்ச நேரம் வெற்றிலை இல்லாத வாயை மென்றார். பிறகு தியாகுவைப் பார்த்தார்.

"டேய், கோப்பிக்கடையில லடாக் ஐயா மாதிரி பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெப்பியே. அதை இப்பப் பண்ணு."

"இப்பவா? கூட்டமே இல்லையே பாய்."

"நான் ஒருத்தன் போதும். ஒரு வார்த்தையும் விடாம பண்ணு."

தியாகு அலமாரியிலிருந்து குதித்தான். கழுத்தைச் சற்று உள்ளே இழுத்து, இடது கையால் வேட்டி நுனியைப் பிடித்து, மெல்லிய குரலில் ஆரம்பித்தான். அச்சு அசல் கலியாணசுந்தரம்.

"ஏரின்னா சாதாரண ஏரி இல்ல. கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. ஆனா உப்பு. கோவேறு கழுதை மோந்து பார்க்கும், மூஞ்சியைத் திருப்பிக்கும். அப்புறம் சுமையை இறக்கிட்டு ஊத்து எங்கேன்னு தேடி ஓட்டிக்கிட்டுப் போகணும். மடம் மலை உச்சியில. ஏறுற பாதையெல்லாம் கூர்கூரா சரளை. ஒரு தடவை ஏறி இறங்கினா லாடம் தேஞ்சு போயிரும். அங்க மாட்டுக்கு உடம்பெல்லாம் சடை. பால் கொஞ்சம்தான் கறக்கும். ஆனா கெட்டின்னா கெட்டி, வெண்ணெய் திரண்டு நிக்கும். அதே வெண்ணெயை உப்புப் போட்டுத் தேத்தண்ணியில அடிச்சுக் குடிக்கிறான். அதே வெண்ணெயில புத்தருக்கு விளக்கும் ஏத்துறான்..."

மீரான் முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சாப்பாடு?"

"வறுத்த பார்லி மாவு. தேத்தண்ணியில பிசைஞ்சு உருட்டி உள்ளே தள்ளிடணும்."

"சோறு?"

தியாகு மனசுக்குள் கதையை மறுபடி ஓட்டிப் பார்த்தான். "சோறு... சோறு வரலையே பாய் இந்தக் கதையில."

"ஒரு வருஷம் சோறில்லாம காய்ஞ்சு கிடந்த தமிழன், சோத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருப்பானா? நேத்து நீ எதைப் பத்திப் புலம்பினே?"

"சீரகச் சம்பா. சுடச்சுட. மேல கொஞ்சம் மிளகு ரசம்... வேணாம் பாய், வயித்தைக் கிளப்பாதீங்க."

"பார்த்தியா? ஊர் முழுக்க இதே புலம்பல்தான். அவர் ஒருத்தருக்கு மட்டும் அந்த நெனப்பே இல்ல. சரி, ஏரியைப் பார்த்தவன் என்ன சொல்லுவான்? நீலம்னுவான், குளிச்சேன்னுவான், கும்பிட்டேன்னுவான். கழுதை குடிக்கலைன்னு எவன் சொல்லுவான்?"

"கழுதையை ஓட்டினவன்."

"மடத்துக்குப் போய் லாடத்தைப் பார்த்துட்டு வர்றவன்?"

"அவனேதான்."

"மாடு எவ்வளவு கறக்கும், பால் கெட்டியா தண்ணியான்னு பார்க்கறவன்?"

"பால்காரன்." தியாகுவின் கண் விரிந்தது. "சோத்தை நெனைக்காதவன்னா ரொட்டி திங்கறவன். கழுதை ஓட்டி, பால் கறந்து, ரொட்டி தின்னு... தாடி வெச்சிருப்பாரு, தலைப்பா கட்டியிருப்பாரு, செங் கிராமத்துல மாடு வெச்சிருப்பாரு!"

"பச்சன் சிங்" என்றார் மீரான், மூக்கைத் தடவிக்கொண்டே. "காஜா பெராங் முழுக்க அவர் பால்தானே. லடாக் போனது அவரு. கதையைக் கடன் வாங்கினது இவரு. கிராணியார் கழுதையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்."

இரண்டு பேரும் செங்குக்கு நடந்தார்கள். வழியில் காவல் சாவடியில் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க வேண்டியிருந்தது. "நாடகத்துல ராஜபார்ட்டுக்குக்கூட இவ்வளவு குனிஞ்சதில்ல பாய், அதுக்குச் சம்பளமாவது கிடைச்சுது" என்று தியாகு முணுமுணுத்தான். மீரானுக்கு அன்று எல்லாமே வேடிக்கையாக இருந்தது. இத்தனை நாள் ஊரையே ஏமாற்றிய ஓர் ஆளைப் பார்லி மாவையும் கழுதையையும் வைத்துப் பிடித்தாயிற்று. அவருக்குள் பழைய சார்ஜெண்ட் மீசையை முறுக்கினான்.

"பாவம் லடாக் ஐயா" என்று தியாகு சிரித்தான். "அவரு பருப்பு உங்ககிட்ட வேகல."

பச்சன் சிங் கொட்டகையில் எருமைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். வயதானாலும் முதுகு வளையாத மனிதர். வீடு வீடாகப் பால் ஊற்றியே தமிழ் கற்றுக்கொண்டவர்.

"லடாக்கா? போயிருக்கேன். சின்ன வயசுல" என்றார். "ஹோஷியார்பூர் வியாபாரிகளுக்குக் கழுதை ஓட்டினேன். லே பட்டணம் போய், அதைத் தாண்டியும் போயிருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

"அந்தக் கதையெல்லாம் கலியாணசுந்தரத்துக்குச் சொன்னீங்களே, எப்ப?" மீரான் நேராகவே கேட்டார். மடக்கிக் கேட்பதாக நினைப்பு.

பச்சன் சிங்குக்குப் புரியவில்லை. "யாரு, கிராணியா? அவரோட நான் பேசினதே கிடையாது. நான் அக்காகிட்டதான் சொன்னேன்."

"எந்த அக்கா?"

"பூங்காவனம் அக்கா. ஒரு வருஷம் வீட்டுல கிராணி இல்லையே, அப்ப. காலையில பால் ஊத்தப் போனா, சொம்பைக் கையில வெச்சுக்கிட்டே கேப்பாங்க. 'பாய்ஜி, அங்க குளிரு எப்படி இருக்கும்? மடத்தை எந்தக் கைப்பக்கமா சுத்தி வரணும்? ஏரித் தண்ணி குடிக்கலாமா?' தினமும் கேப்பாங்க. நேத்து சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரியான்னும் கேப்பாங்க. என் வீட்டுக்காரிகூட இவ்வளவு கேட்டதில்ல. எனக்கு ரொம்ப சந்தோஷம்." அவர் சிரித்தார். பிறகு இவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா?"

"இல்ல" என்றார் மீரான்.

எல்லாம் தெரிந்தவள் எதற்காக வெயிலில் நடந்து வந்து, கண்டுபிடியுங்கள் என்றாள்? திரும்பி வரும்போது மீரான் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். மீசை முறுக்கிய சார்ஜெண்ட் இருந்த இடம் தெரியவில்லை.

பூங்காவனம் வீட்டுப் பின்கட்டில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். உள்ளே கலியாணசுந்தரம் சவரம் செய்துகொள்ளும் சத்தம் கேட்டது. மீரான் குரலைத் தாழ்த்தினார்.

"அவரு போகல. கதை பச்சன் சிங்கோடது. கேட்டு வாங்கினது நீ."

அவள் திடுக்கிடவில்லை. துருவிய கையை மட்டும் நிறுத்தினாள். "கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள். ஒரு சுமையை இறக்கி வைத்தவள்போல் இருந்தது குரல்.

"அந்த வருஷம் எங்க இருந்தாரு?"

"தஞ்சோங் ரம்புத்தான்."

மலாயாவில் அந்த ஊர்ப் பெயருக்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. தெருவில் பிள்ளைகள் சண்டை போட்டாலும், அந்த ஊருக்குப் போகப் போறவனே என்றுதான் ஒன்றை ஒன்று திட்டும்.

"திடீர்னு பேச்சு நின்னு போச்சு பாய். சுவத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாரு. நானும் எங்கண்ணனும்தான் கொண்டுபோய் விட்டோம். ஊருக்கு என்ன சொல்றது? காசின்னு சொன்னா, போயிட்டு வந்தவங்க நாலு பேர் இருக்காங்க, கேள்வி கேப்பாங்க. யாருமே போகாத எடமா வேணும். அப்பத்தான் பால்காரர் ஒரு நாள் லடாக்குன்னாரு."

"திரும்பி வந்ததும் நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்தே."

"தினம் கொஞ்சமா சொல்லிக் கொடுத்தேன். மொதல்ல பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாரு. அப்புறம் சொல்லச் சொல்ல அவருக்குப் பேச்சு வந்திருச்சு. சிரிச்சாரு. நாலு பேர் நடுவுல உட்கார்ந்தாரு. கதை பொய்தான் பாய். பேச்சு நெஜமா வந்துச்சே, அது போதும்னு இருந்துட்டேன்."

"பின்ன ஏன் எங்கிட்ட வந்தே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மூளை சரியில்லாதவருன்னு தெரிஞ்சா ஜப்பான்காரன் விட்டுருவான். ஆனா அதை என் வாயால சொன்னா, ஊர் நடுவுல அவர் வேட்டியை நானே உருவின மாதிரி. பாய் கெட்டிக்காரர், எப்படியும் கண்டுபிடிச்சிருவாரு, துபாஷிகிட்ட அவரே சொல்லிருவாரு, பழி எம்மேல விழாதுன்னு நெனச்சேன். வெக்கமா இருக்கு பாய்."

மீரானுக்கு அதைவிட வெட்கமாக இருந்தது. நோயாளி ஒருவர் உயிர்பிழைக்கப் பிடித்துக்கொண்டிருந்த கொழுகொம்பைத் திருட்டுச் சாமானாக நினைத்துத் துப்புத் துலக்கி, வழி நெடுகச் சிரித்தும் வந்திருக்கிறார்.

"அக்கா" என்றான் தியாகு. குரல் அவனுடையதாகவே இல்லை. "நான் கோப்பிக்கடையில அவர மாதிரி பேசிக் காட்டும்போது, அவரும் ஓரமா உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஒண்ணுமே சொல்லல. கூடச் சிரிச்சாரு."

"தெரியும். வந்து சொன்னாரு. பையன் என்னைவிட நல்லாச் சொல்றான்னாரு."

தியாகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் பண்டார் ஹிலிருக்கே போறேன்" என்று மீரான் எழுந்தார். "துபாஷிகிட்ட காதோட காதா சொல்லி முடிச்சிடறேன். ஊருக்குத் தெரிய வேணாம்."

அவர் வாசலுக்கு வருவதற்குள் கார் வந்துவிட்டது.

காஜா பெராங்கில் கார் வந்தால் தெருவே கூடும். கூடியது. பின் இருக்கையில் மேஜர், முன்னால் துபாஷி. கலியாணசுந்தரம் சலவைக் கோட்டும் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையுமாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்போல் இருந்தார். கூட்டத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் மருதமுத்துவும் நின்று, சம்பந்தி கௌரவத்தோடு கைகூப்பினார்.

மீரான் துபாஷியின் அருகே போய், இடுப்பு ஒடியக் குனிந்து, மலாயில் கிசுகிசுத்தார். "துவான், இந்த ஆள் லடாக் போனதில்லை. போனதாச் சொன்ன சமயம் உடம்பு சரியில்லாம இருந்தாரு."

"என்ன உடம்பு? எங்க இருந்தான்? சத்தமாச் சொல்" என்றான் துபாஷி. "மேஜர் கேட்கிறார்."

மீரான் நிமிர்ந்தார். தெரு முழுக்க அவர் வாயையே பார்த்தது. கலியாணசுந்தரமும் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. வேண்டாம் என்ற கெஞ்சல் மட்டும் இருந்தது. எத்தனையோ குற்றவாளிகளின் பெயரைக் கோர்ட்டில் கணீரென்று சொன்ன சார்ஜெண்டுக்கு நாக்கு எழவில்லை.

துபாஷி கையை ஓங்கினான்.

"அவரை அடிக்காதீங்க. நான் சொல்றேன்."

பூங்காவனம் ஈரக் கையோடு வந்து நின்றாள். எல்லோருக்கும் புரிகிற சந்தை மலாயில், தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னாள். தன் புருஷன் எந்த மலைக்கும் போனதில்லை. மடம் பார்த்ததில்லை, ஏரி பார்த்ததில்லை. அந்த வருஷம் முழுக்கத் தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தார். "கொண்டுபோய் விட்டவளே நான்தான்" என்றாள்.

துபாஷி மொழிபெயர்த்தான். மேஜர் காரைவிட்டு இறங்கி, கலியாணசுந்தரத்தின் முகத்தருகே முகத்தை வைத்து ஏதோ கேட்டார்.

"உண்மையா என்கிறார்" என்றான் துபாஷி. "பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்றால், அந்த ஏரியைப் பற்றிச் சொல்."

கலியாணசுந்தரம் சொல்ல முயன்றார். "ஏரி..." என்றார். மறுபடி "ஏரி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. பேச்சு நின்றுவிட்டது. அவர் கண்கள் மெல்ல எதிர்ச் சுவருக்குப் போயின.

மேஜர் ஓர் அடி பின்வாங்கினார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவர்போல் கையுறையைச் சரிசெய்துகொண்டு, துபாஷியை ஓர் அறை அறைந்துவிட்டுக் காரில் ஏறினார். கார் போய்விட்டது.

மருதமுத்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எவன்டா சிரிச்சது?" தியாகு பாய்ந்தான். "முன்னால வாடா! இவ்வளவு நாள் அவரு கதையைக் கேட்டு வயித்தை நிரப்பினீங்களேடா!" கத்திக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தெருவைச் சிரிக்கப் பழக்கியவன் அவன்தான்.

கூட்டம் கலைந்தது. கலியாணசுந்தரம் அசையாமல் நின்றார். பூங்காவனம் பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். அவர் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உசிரோட இருக்கீங்க. எனக்கு அது போதும்" என்றாள் அவள். "வாங்க, உள்ள போவோம்."

வெகுநேரம் கழித்து அவருக்கு மெல்ல வாய் திறந்தது.

"பாதி வழியில வெட்டிப் போட்டுருவாங்கன்னு எனக்குத் தெரியாதா பூங்காவனம்?" என்றார். "பாதி தூரமாவது நெஜமா போயிருப்பேன்ல."

அவள் பெட்டியை விட்டுவிட்டு, தெருவென்றும் பார்க்காமல் அப்படியே படியில் உட்கார்ந்தாள். மீரான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர்களிடம் போவதற்கும் அவருக்கு முகமில்லை. அங்கிருந்து போவதற்கும் கால் வரவில்லை.